கடலில்லாத நாட்டுக்கு ஒரு கேக்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கோழி என்று சமையல் சாமான் ஏற்றிக்கொடுப்பது சந்தனச்செல்வியின் தொழில். மாப்பிள்ளையூரணிக்காரி, வயது நாற்பத்து மூன்று. எந்தக் கப்பலானாலும் அது பதிவான ஊர்ப்பெயரை முதுகில் படித்த பிறகுதான் ஏணியில் கால் வைப்பாள். பனாமா, லைபீரியா, மால்டா எல்லாம் அவளுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி.

போன ஜூனில் கடலடி மண்ணை அள்ளும் கப்பல் ஒன்று வந்தது. முதுகில் ‘லக்ஸம்பர்க்’ என்றிருந்தது. வேன் ஓட்டும் அவள் புருஷன் லிங்கராஜ் போனில் தேடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஏளா, இந்த நாட்டுக்குக் கடலே கெடையாதாம்!”

“கடலில்லாதவனுக்குக் கப்பல் எதுக்குங்க?”

அதே கேள்வியைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கப்பலின் சீஃப் இன்ஜினியர் ஜோஸிடமும் கேட்டுவிட்டாள். அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான் லக்ஸம்பர்க்காரர். கேரட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து உற்சாகமாகப் படம் போட்டார். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி. மூன்றுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு அவர் நாடு.

“வடக்கே காடும் மேடும். தெற்கே ஒரு காலத்தில் இரும்பு எடுத்தோம். இப்போது ஊரெல்லாம் பேங்க். தினமும் ரெண்டு லட்சம் பேர் எல்லை தாண்டி வேலைக்கு வந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள். கப்பலைப் பதிவு செய்ய ஆபீஸ் இருந்தால் போதும், கடல் வேண்டாம்.”

“எவ்வளவு நீளம்?” என்று கேட்டாள்.

“எண்பத்திரண்டு கிலோமீட்டர்.”

“திருச்செந்தூருக்குப் போயிட்டுத் திரும்பினா நாடு முடிஞ்சிரும்!” என்றான் லிங்கராஜ்.

“பஸ், ரயில் எதற்கும் டிக்கெட் கிடையாது” என்றார் ஜோஸ் பெருமையாக.

“எங்களுக்குந்தான் டவுன் பஸ் ஃப்ரீ. ஆம்பளைங்கதான் டிக்கெட் எடுக்கணும்” என்று சந்தனச்செல்வி சொன்னதும் ஜோஸ் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

இருபத்து மூன்றாம் தேதி தன் நாட்டின் தேசிய தினம், கொண்டாடத்தான் துணைக்கு ஆளில்லை என்றும் சொன்னார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு, வெள்ளை, வெளிர்நீலம் என்று கொடி நிறத்தில் பேக்கரியில் மூன்று கிலோ கேக் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குக் கப்பலில் பெட்டியைத் திறந்தால் நீலம் கருநீலமாக இருந்தது. எட்டிப் பார்த்த கேப்டன் கையைத் தட்டித் துள்ளினார். “என் நாட்டுக் கொடி!” அவர் நெதர்லாந்துக்காரர். நீலம் கொஞ்சம் கறுத்தால் அது அவர்கள் கொடி.

சந்தனச்செல்விக்கு மூஞ்சி வெளிறியது. ஜோஸோ சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கரண்டி கொண்டாங்க!” என்று சமையல்காரரை விரட்டினாள். வெள்ளைக் கிரீமை வழித்துக் கருநீலத்தில் போட்டுக் குழப்பினாள். நீலம் வெளிற வெளிறக் கப்பலே கைதட்டியது. பாதி வந்ததும் கேப்டன் குறுக்கே கையை நீட்டித் தன் பக்கத்தைத் தொடவிடாமல் காவல் நின்றார்.

ஒரே கேக்கில் இரண்டு நாடு. ஜோஸ் நெஞ்சில் கைவைத்துத் தனியாளாகத் தன் நாட்டுப் பாட்டைத் தொடங்கினார். சமையல்காரர் தட்டில் தாளம் போட்டார். லிங்கராஜ் தெரியாத பாட்டுக்கு வாயசைத்தான். மூக்கு நுனியில் நீலக் கிரீமோடு சந்தனச்செல்வி எல்லாரையும்விடச் சத்தமாக, ஒரு சொல்லும் புரியாமல் பாடிக்கொண்டிருந்தாள்.