சித்தையன் மாமாவின் இரைச்சல்

பாட்டு முடிந்ததும் சித்தையன் மாமா கூட்டத்தைப் பார்க்க மாட்டார். மேடையின் இடது ஓரம், மைக்செட் மேசை இருக்கும் பக்கம் திரும்பி, முகவாயை ஒருமுறை மேலே தூக்குவார். அதன்பிறகுதான் கிட்டாரிலிருந்து கையை எடுப்பார். கைதட்டல் வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் வரிசை.

பகலில் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மாலையில் மஞ்சுநாத்தின் ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிட்டார். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி. மைசூருக்கு வந்து பாதி ஆயுள் ஆகியும் பேச்சிலிருந்து ஊர் போகவில்லை. கன்னடம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவர் இருக்கும். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கழற்றுவார். எங்கள் வீட்டு அழைப்பு மணியைக் கழற்றியிருக்கிறார். அது கெட்டிருக்கவில்லை. அதன்பிறகு கெட்டுவிட்டது.

மைக்செட் மேசையில் உட்கார்ந்திருந்தவர் என் அப்பா, கரியப்பன். ஆனி மாதம் இறந்துபோனார். கருமாதி முடிந்த வாரமே மாமா தன் டிஸ்டார்ஷன் பெடலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டி அது.

“நிர்மலா, இது என்னமோ கெட்டுப்போச்சு கண்ணு. வாசிக்காதப்பவும் புஸ்ஸுனு இரையுது. இத்தன வருசத்துல ஒருநாளும் இப்பிடி இரைஞ்சதில்ல.”

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சோதித்துப் பார்த்தேன். பெடலில் ஒரு கோளாறும் இல்லை. வருவதையெல்லாம் பெருக்குவது அதன் வேலை. ஒன்றும் வராதபோது தன் சொந்த இரைச்சலைப் பெருக்குகிறது. வாங்கிய நாளிலிருந்தே இரைந்திருக்கும் என்றேன்.

“அப்ப எனக்குக் காது கேக்காதுங்கறயா?”

“அப்படிச் சொல்லலை மாமா.”

“பின்ன எப்பிடிச் சொன்னே?”

அடுத்த நிகழ்ச்சிக்கு நானும் போனேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மேடை முழுவதும் அந்த இரைச்சல். மஞ்சுநாத் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டது முன்வரிசைவரை கேட்டது: “ஏன் ரீ சித்தையன், டப்பாக்குள்ள பாம்பு வளக்கறீங்களா?” விநாயகர் பந்தலிலும் இப்படி இரைந்தால் கிட்டாரையே எடுத்துவிடப்போவதாகச் சொன்னார். வெறும் மிரட்டல் இல்லை. இப்போதெல்லாம் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் சத்தம் வருகிறது.

கூட்டம் கலைந்தபின் மைக்செட் மேசையில் இருந்த மிக்ஸரைப் பார்த்தேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலும் கீழும் நகரும் ஒரு குமிழ். எல்லாக் குமிழ்களிலும் வெள்ளைக்கோடு பளிச்சென்று இருந்தது. கிட்டாரின் குமிழில் மட்டும் கோடு முழுக்கத் தேய்ந்திருந்தது.

மாமாவிடம் கேட்டேன், பாட்டு முடிந்ததும் எதற்காக முகவாயைத் தூக்குகிறார் என்று.

“நல்லாருந்துச்சான்னு கேக்கறதுதான். உங்கப்பன் உடனே கைய அசைப்பான். நல்லாருந்துச்சுன்னு அர்த்தம்.”

“அது கையசைப்பில்லை மாமா. உங்க சத்தத்தை இறக்கினார். பாட்டுக்குப் பாட்டு இறக்கினார், மறுபடி ஏத்தினார். அதனாலதான் உங்களுக்கு இரைச்சலே தெரியலை.”

“போ கண்ணு. அவன் அப்பிடிப்பட்ட ஆளில்ல. எஞ்சத்தத்த எறக்கறதுன்னா எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் எறக்குவான்.”

கோபித்துக்கொண்டு போய்விட்டார். பெடலை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உதயகுமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். தனக்கு இரண்டு கைதான் இருப்பதாக அவர் சொன்னார். அதனால் அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஒரு பெட்டி செய்தேன்.

எளிமையான சர்க்யூட்தான். கிட்டாரின் ஒலி ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே ஒரு குட்டி விளக்கு எரியும். எதிரே வெளிச்சத்தை உணரும் ஒரு எல்.டி.ஆர். வெளிச்சம் பட்டால் பெடலின் ஒலியை வெளியே விடும், இருட்டினால் நிறுத்திவிடும். வேறு வெளிச்சம் நுழையாமலிருக்க இரண்டையும் போட்டோ பிலிம் வரும் கறுப்பு டப்பிக்குள் வைத்து மூடினேன். முதலில் கடைசிச் சுரத்தைப் பாதியில் வெட்டியது. கெபாசிட்டரைப் பெரிதாக்கினேன், சுரம் தேயும்வரை பொறுத்து மூடியது.

மாமா வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே திரும்பி வந்தார். “இரையுது.”

டப்பிக்கு மூடி இல்லை.

“மூடி எங்கே மாமா?”

“கழட்டிப்போட்டேன். உள்ள லைட்டு எரியுதான்னு பாக்க வேண்டாமா?”

“பார்த்தா வெளிச்சம் உள்ளே போகும். போனா அது மூடவே மூடாது.”

“கண்ணுல பாக்காம எப்பிடி நம்பறது?”

மூடியைப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டு வந்தார். ஃபிட்டர் அல்லவா, மிகச் சுத்தமாக அறுத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான். கடைசியில் பெட்டியின் மேலேயே, உள்விளக்கோடு சேர்ந்து எரியும்படி ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன்.

“இதை மட்டும் பாருங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம். தானாத் திறக்கும், தானா மூடும்.”

“அதெப்பிடி, யாரும் சொல்லாம தானா மூடும்?”

“மாமா!”

“செரி செரி. ஹோகலி பிடு கண்ணு, விடு. உங்கப்பனுக்கு இந்தளவுக்குக் கோவம் வராது.”

விநாயகர் பந்தலில் நான் மேடைக்குக் கீழே நின்றேன். முதல் பாட்டு. முடிவில் மாமாவின் லீட். மற்ற வாத்தியங்கள் நின்றபின்னும் அவருடைய கடைசிச் சுரம் நீண்டுகொண்டிருந்தது. மஞ்சுநாத் அவரையே பார்த்தார். மாமா வழக்கம்போல இடது ஓரத்துக்குத் திரும்பினார். உதயகுமார் குனிந்து ஏதோ ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். மாமா முகவாயைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தலை குனிந்து, காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்து, முகவாயை ஒருமுறை மேலே தூக்கினார். சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்தார். அதன்பிறகுதான் கிட்டாரிலிருந்து கையை எடுத்தார்.