அறுபதுக்கு மேல் ஆடிய முன்சில்லு

என் சின்னம்மாவின் மோட்டார் சைக்கிள் அறுபதுக்கு மேல் போனால் ஆடும். அறுபதுக்குக் கீழே அது சாதுவான பசு. இதை எங்கள் வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் நம்பவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. உருத்திரபுரத்தில் எங்களோடு இருந்துகொண்டு, மாங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவரான, பக்கத்து வளவில் குடியிருந்த மாமா, தான் ஓடிய மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருந்தார். கொடுத்த பிறகும் அது தன்னுடையது என்ற நினைப்பு அவருக்குப் போகவில்லை.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். கண்டி வீதிக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். குழியும் கிடங்குமாகக் கிடந்த வீதியில் முப்பதில் ஊர்ந்தவர்கள் எல்லாம் எழுபதில் பறக்கத் தொடங்கினார்கள். சின்னம்மாவும் பறந்தார். அப்போதுதான் ஹாண்டில் நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் நடுக்கம் கூடி, மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு மணலுக்குள் இறங்கிவிட்டது. அவர் விழவில்லை. ஆனால் அம்மாவிடம் வந்து சொன்னது மாமாவின் காதிலும் விழுந்துவிட்டது.

மாமா உடனே அதை எடுத்துக்கொண்டு எங்கள் வாய்க்கால் ஓர வீதியில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தார். அந்த வீதியில் நாற்பதைத் தொட்டால் பல்லுக் கழன்றுவிடும்.

"றோட்டு ஆடேல்லை, சைக்கிள் ஆடேல்லை. நீதான் ஆடுறாய்."

"அறுபதுக்கு மேல ஓடிப் பாருங்கோ அண்ணை."

"அறுபதுக்கு மேல பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை? விழுந்து கால் கை முறிஞ்சா ஆர் பாக்கிறது?"

நெளுக்குளத்தில் அதை வாங்க ஆள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்கிறேன் என்று முடித்துவிட்டார். மோட்டார் சைக்கிள் போனால் வேலையும் போகும் என்பது எனக்கே விளங்கியது.

சனிக்கிழமை காலை மாமா வயலுக்குப் போனதும் சின்னம்மா தொடங்கினார். மோட்டார் சைக்கிளை நடு ஸ்ராண்டில் ஏற்றி, அம்மாவையும் என்னையும் பின்சீற்றின் நுனியில் இருத்தினார். முன்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பியது.

"அக்கா, நீங்கள் சாப்பிட்ட சாப்பாடு இண்டைக்குத்தான் உதவுது."

அம்மா கையிலிருந்த அகப்பையை ஓங்கினார். எட்டவில்லை. இறங்கினால் சில்லும் இறங்கிவிடும்.

சின்னம்மா சில்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். ஆட்டம் இல்லை, பெயாரிங் நல்லது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார், எல்லாம் இறுக்கம். பிறகு சில்லைத் தாங்கும் குழாயில் ஒரு ஈர்க்கைக் கட்டி, அதன் நுனி றிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்க வைத்துச் சுற்றினார். இடைவெளி மாறவேயில்லை. றிம்மும் வளையவில்லை.

கடைசியாகப் பிரேக்கைத் தளர்த்திச் சில்லை மெல்லச் சுற்றிவிட்டார். அது ஓய்ந்து நின்றதும், கீழே இருந்த இடத்தில் பள்ளிக்கூட வெண்கட்டியால் ஒரு கோடு. திரும்பச் சுற்றினார். கோடு கீழே வந்து நின்றது. ஐந்து தரம் சுற்றினார். ஐந்து தரமும் அப்படியே.

"பாத்தியே பிள்ளை, ஒரு பக்கம் கனம். மெல்லப் போகேக்க தெரியாது. வேகமாச் சுத்தேக்க அந்தக் கனம் தூக்கித் தூக்கி அடிக்குது."

ரயரைக் கழற்றினோம். உள்ளே, கோடு போட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்தில் பழைய லொறி ரயரின் துண்டு. எங்கள் பக்கத்தில் ரயர் வெட்டுப்பட்டால் எறிவதில்லை. போரால் சாமான் வராத காலத்தில் பழகியது. உள்ளே இப்படி ஒரு துண்டை வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓடுவோம். முப்பதில் ஓடும்வரை அதில் ஒரு குறையும் இல்லை.

வைத்தவர் மாமாதான். ரயர் வேலையை அவர் எந்தக் கடைக்காரனிடமும் விட்டதில்லை.

சின்னம்மா பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்ப் புது ரயர் வாங்கிவந்து பூட்டினார். பின்னேரம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் எழுபதில் போனார். பாட்டுப் பாடிக்கொண்டு போனார். வந்ததும் நான் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். சின்னம்மா அதைப் பறித்துக் குப்பைக் கிடங்கில் எறிந்தார்.

ஞாயிறு காலை மாமா வந்தார்.

"வாங்கிற ஆள் வாறதுக்கு முன்னம் கண்டி வீதியில ஒருக்கா ஓடிப் பாருங்கோ அண்ணை."

போனவர் அரை மணித்தியாலத்தால் வந்தார். முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, புது ரயரைப் பெருவிரலால் அழுத்தினார்.

"ம்... உனக்குக் கை பழகீட்டுது போல."

"ஓம் அண்ணை."

"நெளுக்குளத்து ஆளை வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்."

எனக்கு வந்த கோபம்! கை பழகிவிட்டதாம். இவரும் ஓம் என்கிறார். பெரியவர்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் அன்று முழுக்கச் சின்னம்மாவோடு கதைக்காமல் விட்டேன். மாமா வென்றுவிட்டார், சின்னம்மா தோற்றுவிட்டார், அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

திங்கள் காலை ஆறரைக்குச் சின்னம்மா சாறியைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அதை விற்கப் பார்த்த மாமா தன் வளவிலிருந்து தானாகவே வந்து, எங்கள் படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அங்கேதான் நின்றேன். சின்னம்மாவோடு கோபம் தீராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.