என் கை நடுங்கியது அபிஷேகத்தால் அல்ல

சபையாரே, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. 1993 கடைசியில் டாக்டர் எனக்கு லித்தியம் மாத்திரை எழுதினார். சில வாரம் தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத வேகம், பிறகு மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாத சோர்வு. இதுதான் என் நோய்.

2. மாத்திரை வேலை செய்தது. மனம் ஒரு நிலைக்கு வந்தது. கூடவே தீராத தாகம், உடல் பருமன், கை நடுக்கம்.

3. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. மைக்ரோமீட்டர் பிடித்த கை நடுங்கினால் அளவு தப்பும். "இன்னாம்மா, பூகம்பமா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

4. கோவில்பதாகையில் நம் ஜெபக்கூடத்தில் அதே கையைத் தூக்கினேன். அது நடுங்குவதைப் பார்த்து "ஆவியானவரோட அபிஷேகம் இறங்குது" என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

நான்காவது என் தவறு. அங்கே கேலிக்கு ஆளான கைக்கு இங்கே மரியாதை கிடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த மே மாதம் பாஸ்டர் கேட்டார், "மாத்திரையை நம்புறியா, ஆண்டவரை நம்புறியா?" மூன்று நாள் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருக்கச் சொன்னார். நடுக்கம் போய்விடும் என்ற ஆசையில் சம்மதித்தேன். ஆனால் மாத்திரையை நிறுத்தப் பயமாக இருந்தது. ஒளித்து வைத்து, எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி விஷமாகும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் சீட்டு எழுதிவிட்டு "அடுத்து யாரு?" என்றவர் அவர். ஒரு மிக்ஸி வாங்கினால்கூட எப்படிப் பயன்படுத்துவது என்று புத்தகம் தருகிறார்கள். எனக்கு ஒரு வரி தரவில்லை.

மூன்றாம் நாள் தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதித்தது. வாந்தி எடுத்தேன். "அசுத்தம் வெளியேறுது" என்றார்கள். கால் தள்ளாடியது. விரல் நடுக்கம் போய், கை முழுவதும் தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. ஏதோ சத்தம்தான் வந்தது.

"அந்நிய பாஷை! ஆவியானவர் நிரப்பி, மகள் அந்நிய பாஷை பேசுறா!" என்று பாஸ்டர் கத்தினார். கஞ்சிரா சத்தம் கூடியது.

நான் தண்ணீர் கேட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

வாயால் முடியாததால் உள்ளுக்குள் ஜெபித்தேன். அதைவிடச் சின்ன ஜெபம் நான் செய்ததில்லை. "ஆண்டவரே, யாருக்காவது புரிய வையும்."

கூடத்தைப் பெருக்கிப் பாய் விரிக்கும் கஸ்தூரி அக்கா, என் வாந்தியைக் கழுவ வாளியோடு வந்தார். முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். என் வாயைத் திறந்து பார்த்தார்.

"இன்னா பாஷை? வாய் கொயறுதுய்யா. நாக்கு கட்டையாட்டம் காஞ்சிகீது. நிறுத்து அந்தத் தம்பட்டத்த!"

"அக்கா, ஆவியானவர் கிரியை செய்யும்போது குறுக்கே வராதீங்க" என்றார் பாஸ்டர்.

"அவரு ஆட்டோலயும் கூட வருவாரு. நீ நவுரு நைனா."

ஆட்டோவில் என் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தார். "இத்த துன்னுகினு தண்ணி குடிக்காம கெடந்தியா? படிச்ச பொண்ணுதானே நீ?" என்று திட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அந்த அட்டையை டாக்டர் கையில் கொடுத்ததால்தான் உடனே சரியான பரிசோதனை நடந்தது. லித்தியம் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. ஆறு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

பாஸ்டர் பார்க்க வந்தார். "பாத்தியா, மாத்திரைதான் உன்னைச் சாய்ச்சுது. தூக்கிப் போடு."

"தண்ணியைத் தடுத்தது நீங்க" என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. அவர் பழங்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கிருந்த டாக்டரிடம் பதினோரு கேள்வி எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகப் பதில் சொன்னார். அளவைக் குறைத்தார். கை நடுங்குகிறது என்று முன்பே வாய் திறந்து சொல்லியிருந்தால் அப்போதே குறைத்திருப்பார்கள்.

சாட்சி சொல்லச் சொன்னீர்கள். இதுதான் என் சாட்சி. நான் கேட்டேன், ஒரு நிமிடத்துக்குள் ஆண்டவர் கஸ்தூரி அக்காவை அனுப்பினார். அவருக்கும் அக்காவுக்கும் நன்றி. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அவர் அனுப்பும் ஆளுக்கு வழி விடுங்கள். பக்கத்தில் ஒருவர் நடுங்கினால், பாடுவதற்கு முன் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

இன்றைய நிலை: இரண்டு வருடமாக ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. வேலையில் இருக்கிறேன். எடை குறையவில்லை. நோய் குணமாகவில்லை. கட்டுக்குள் இருக்கிறது.