முப்பதுக்குப் பிறகு எழுபது

பக்கவாதத்தில் மரத்துப்போன என் கையில் பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தை வைத்தாள். அந்த வாடை என்னை லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கே கொண்டுபோய்விட்டது.

1930களில் அம்மா அங்கே ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினாள். ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பந்தாக உருட்டிக் கொடுத்தார்.

"தினமும் நூறு தடவ அமுக்கணும். வலிக்குதும்பாங்க, விட்றாத. நீதான் எண்ணணும்" என்றார் என்னிடம்.

அம்மாவுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவாள். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். நான் முப்பதிலிருந்து எழுபதுக்குத் தாவிவிடுவேன்.

"அதுக்குள்ள நூறாயிருச்சா?"

"ஆயிருச்சும்மா."

விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. அம்மா மறுபடி வெட்டுக்கத்தியைப் பிடிக்கவேயில்லை. டிரெஸர் என்னை முறைத்தபோது அவள்தான் முந்திக்கொண்டாள்.

"பிள்ள சரியாத்தாங்க எண்ணுச்சு. என் கைதான் சரியில்ல."

"முப்பது ஆச்சு பாட்டி. வலிச்சா இன்னைக்குப் போதும்" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

"நூறு வரைக்கும் எண்ணும்மா" என்றேன். "நடுவுல ஒண்ணுகூட விட்றாத."