கற்பூரச் சத்தியமும் சிவந்த கண்ணும்

இதை எழுத உட்கார்ந்து எத்தனை தடவை எழுந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதல் வரியை எழுதுவேன், காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்து வராததால்தான் தள்ளிப்போடுகிறேன் என்று வீட்டில் சொல்லி வந்தேன். அது பொய். எழுதினால் என் யோக்கியதை வெளியே வரும், அதுதான் காரணம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. காலையில் திருமண் இட்டு, வெள்ளிக் கிண்ணத்தில் பெருமாளுக்குப் பால் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைக் காணோம்.

பாத்திரம் தேய்க்க ஒருத்தி கொள்ளிடக் கரையிலிருந்து வருவாள். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் வேலை அவளுக்கு. அவளைத் தவிர வெளியார் யாரும் உள்ளே வரவில்லை என்று என் மனைவி புலம்பினாள். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. அவர் சொன்னால் தெருவே தலையாட்டும்.

"போலீசெல்லாம் எதுக்கு? சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க. ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

தெருக்கோடி அம்மன் கோயில் வாசலில் கட்டிச் சூடம் எரிந்தது. கொளுத்தியவன் நான். எரிகிற சூடத்தை அவள் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "நான் எடுத்திருந்தா எட்டு நாளைக்குள்ள என் ரெண்டு கண்ணையும் ஆத்தா பிடுங்கிக்கட்டும்" என்றாள். கை கொப்பளித்திருக்கும். யாரும் பார்க்கவில்லை; நானும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, இரண்டு கண்ணும் ரத்தமாய்ச் சிவந்து, பீளை கட்டி வந்து நின்றாள்.

அந்த மாதம் மெட்ராஸ் ஐ ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு வந்து போயிருந்தது. எனக்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. ஆனால் அவளைக் கண்டதும் வீட்டுக்காரர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா? எட்டு நாள்கூட ஆத்தாவுக்குப் பொறுக்கல. அஞ்சுலேயே கேட்டுட்டா!"

"ஐயா, இது ஒட்டுவாரொட்டிங்க. உங்க பேரப்புள்ளைங்களுக்கும்கூட…"

"ஏய், எம் பேரனோட ஜோடி சேக்கிறியா? புள்ளைங்களுக்கு வந்தது ஒட்டுவாரொட்டி. உனக்கு வந்தது பொய்ச் சத்தியம்."

கூட்டம் சிரித்தது. சிவந்த கண்ணோடு நானும் அங்கேதான் நின்றேன். என் கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலைக்குள் ஐந்து வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். முதலில் நிறுத்தியது நாங்கள்.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் அவளுக்கு வடிவியல் பரீட்சை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஒப்பித்தாள்: "ஒரு நாற்கரம் சதுரம் எனில், அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். இதோட மறுதலை உண்மையில்லப்பா."

"மறுதலைன்னா?"

"திருப்பிப் போடுறது. செங்குத்தா வெட்டுச்சுன்னா சதுரம்தான்னு சொல்ல முடியாது. சாய்சதுரத்துலயும் அப்படித்தான் வெட்டும்."

நோட்டில் சப்பட்டையாக ஒரு சாய்சதுரம் போட்டுக் காட்டினாள். பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணினா கண்ணு போகும். சரி. கண்ணு சிவந்தா பொய்ச் சத்தியமாப்பா? அப்ப நீங்க என்ன சத்தியம் பண்ணினீங்க?"

"வாயை மூடிக்கிட்டுப் படி" என்றேன். எரிந்தது கண் மட்டுமில்லை.

சத்தியம் பண்ணின ஒன்பதாம் நாள் பாத்திரம் தேய்க்கிறவள் கொல்லைப்புறமாக வந்தாள். கண்ணில் சிவப்பே இல்லை.

"பாருங்கய்யா. கெடு தாண்டிடுச்சு. எடுத்திருந்தா கண்ணு போகும்னுதானே சத்தியம்? போகலையே. அப்ப நான் எடுக்கலைன்னுதானே ஆத்தா சொல்லியிருக்கா? இதை வீட்டுக்கார ஐயாகிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொன்னா எடுபடாது. வேலைகூட வேணாங்க. திருடி இல்லைன்னு தெருவுல ஒரு வார்த்தை சொன்னா போதும்."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அவங்க சொல்றது சரிப்பா. செங்குத்தா வெட்டலைன்னா அது சதுரமே இல்ல."

பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள் பிசகில்லாமல் சொன்னாள். எனக்கும் முழுசாகப் புரிந்தது. புரியாமல் செய்திருந்தால் இன்று இவ்வளவு அருவருப்பு இருக்காது. எங்களைக் காலி பண்ணச் சொல்ல வீட்டுக்காரர் ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார். அது என் நினைவில் நின்றது.

"பாக்கலாம், போ" என்றேன்.

"ஆத்தா பாத்துட்டாய்யா. நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முசிறியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் வீட்டுக்காரரிடம் பேசவே இல்லை. அம்மன் தீர்ப்புச் சொல்வாள் என்ற நம்பிக்கை இல்லையென்றால் நான் சூடம் கொளுத்தியிருக்கக் கூடாது. நம்பிக்கை இருந்ததென்றால் அவள் குற்றமற்றவள் என்று நடுத்தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். மறுநாளும் குளித்து, திருமண் இட்டு, வேறொரு கிண்ணத்தில் பால் வைத்தேன். சொல்ல நாக்கூசுகிறது, சாமியை ஏவல் நாய் மாதிரி ஒரு ஏழைப் பெண்ணின் மேல் ஏவிவிட்டோம். கடிக்காமல் திரும்பியதும் நாங்களே கடித்தோம்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கிண்ணம் பிறகு பரணில் கிடைத்தது என்று முடிக்காதீர்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்குக் கண் போனது என்று சொல்லாதீர்கள். கடைசிவரை நல்ல கண்ணோடுதான் இருந்தார். நான் மனம் வருந்தி முசிறிக்குத் தேடிப் போனேன் என்றும் சேர்க்காதீர்கள், போகவில்லை. கெடு கடந்தும் அவள் கண் இருந்தது, அவள் திருடி இல்லை. அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.