சங்கு ஊதினால் மாத்திரை

மாத்திரையைக் கொடுப்பது எளிது, விழுங்கவைப்பதுதான் உத்தியோகம். வேலைநிறுத்தத்தில் மில் வேலையை இழந்த எனக்கு, தாராவி லேபர் கேம்ப் தர்ம ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை கிடைத்தது. என் தொழிற்சங்க மேடைப் பேச்சை நம்பி டாக்டர் வைத்துக்கொண்டார். எனக்கும் சர்க்கரை உண்டு. ஆகவே சர்க்கரைக்காரர்களே, உங்களில் ஒருவனாகத்தான் எழுதுகிறேன்.

ரேஷன்

தாராவி தோல் பட்டறைத் தொழிலாளி சுடலைமுத்து. அந்தக் காலத்தில் என் தொழிற்சங்கக் கூட்டங்களில் எப்போதும் முதல் வரிசை. அவன் கால் புண் ஆறவில்லை. தினமும் மாத்திரை போடாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ரேஷன்ல கிடைக்காத சர்க்கரை என் ஒடம்புக்குள்ள மட்டும் எப்படி அண்ணாச்சி வந்துச்சு?"

சிவப்பு

சிறுநீரை மருந்துநீரில் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் ஆபத்து. சுடலைமுத்துவின் குழாய் செக்கச்செவேல் என்று ஆனது. நான் பதறினேன். அவன் முகம் மலர்ந்தது. "நம்ம கொடி நெறம்லா வந்திருக்கு. பொறவு என்ன?"

வார விடுமுறை

ஞாயிறுகளில் அவன் மாத்திரை தொடுவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று அதட்டினேன். "ஒருநாள் லீவு தொழிலாளியோட உரிமைன்னு நீங்கதான சொன்னிய?"

ரோசம்மா

நர்ஸ் ரோசம்மா இதைக் கேட்டுச் சிரித்தாள். துண்டறிக்கை ஒன்றுகூடப் படித்தறியாத பெண். ஊசியைக் கொதிநீரில் போட்டபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்: "காலையில மில் சங்கு ஊதும்போது முழுங்குங்கண்ணே. சங்கு ஊதாத ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போற வழியில நானே வந்து தாரேன். இல்லேன்னா ஒங்களுக்கு வேற சங்கு ஊதிருவாவ."

அவ்வளவுதான் பேச்சு. மேடை இல்லை, மேற்கோள் இல்லை. அவன் ஒருநாள்கூடத் தவறவில்லை.

புதுச் செருப்பு

சில மாதங்களில் புண் ஆறியது. புதுச் செருப்போடு வந்தவன் என் நாற்காலியைத் தாண்டிப் போய் அவளிடம்தான் முதலில் காலைக் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? திரும்பும்போது என்னிடம் நின்று ஆறுதலாகச் சொன்னான்: "ஒங்க பேச்சும் நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி."

முதலாளியின் சங்குக்குப் பணியாதே என்று இருபது வருஷம் முழங்கிய என் கை இப்போது அது ஊதியதும் சட்டைப்பை மாத்திரைக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரோசம்மா வந்து என் கதவையும் தட்டும்வரை காத்திருக்கிறது.