தோஹா ரெண்டரை மணித்தியாலம்

மீராமுகைதீன் என் பெண்டாட்டியின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன்; எனக்கு மச்சான். இருபது வருசமாகக் கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எயார்போட் வேன் ஓட்டுகிறார். ஏறுகிறவனின் டிக்கட்டை வாங்கிப் பார்க்காமல் வேனை எடுக்க மாட்டார். கொழும்பில் ஏறுவது விடிய நாலு மணி, தோஹாவில் இறங்குவது ஆறரை. எல்லா டிக்கட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கழித்துப் பார்த்து, "தோஹா ரெண்டரை மணித்தியாலம்" என்று ஊருக்கே சொல்லிவைத்தார். போய் வந்தவனும் மறுக்கவில்லை. நானும் நம்பினேன்.

போன வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு மைமூனா ராத்தா மௌத்து, கண்ணை மூடிவிட்டார். ஒரே மகன் இஹ்ஸான் தோஹாவில். போய் மூன்று வருசம், ஒரு தடவையும் வரவில்லை. இரவு தன் தங்கச்சி ஸம்றாவுக்குப் போன் எடுத்தான்.

"காலையில ஏழு மணிக்கு பிளேன் ஏறுறன். உம்மாட முகத்த நான் பாக்காம எடுத்திராதீங்க."

அழுதபடியே வைத்துவிட்டான். பள்ளிவாசல் பொறுப்பாளர் மரைக்கார் வந்து, எப்ப வருவான் என்று கேட்டார்.

"ஏழோட ரெண்டரை. ஒம்பதரைக்கு இறங்குவான். இஷாவுக்கு முன்ன வாசல்ல விடுவன்" என்றார் மச்சான்.

"சுணங்கினா?"

"நான் எப்ப சுணங்கின?"

"போன நோன்புக்கு ஒருத்தன பிளேன் போன பிறகு கொண்டு விட்டீங்களே."

"அது டயர் செஞ்ச வேல."

மறுநாள் இரவு எட்டு மணி போல இஷா தொழுததும் அடக்கம், அதற்கு மேல் வைக்க ஏலாது என்று முடிவானது.

துணைக்கு நானும் போனேன். காலை எட்டுக்கே எயார்போட்டில் நின்றோம். ஒன்பதரையாகியும் அவனைக் காணவில்லை. மச்சான் கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டார்.

"தோஹா பிளேன் இறங்கிட்டா மகள்?"

"ஏழு மணி பிளேனா அங்கிள்? அது இப்பதான் அங்க வெளிக்கிடுது."

"இப்ப ஒம்பதரை."

"இங்க ஒம்பதரை. அங்க ஏழு. நம்மட நேரத்துக்கு அவங்க ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. டிக்கட்டில அந்தந்த ஊர் நேரத்தத்தான் போடுவாங்க. பறக்க மட்டும் அஞ்சு மணித்தியாலம். மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர் இரிக்கே. பின்னேரம் ரெண்டரைக்குத்தான் இறங்கும்."

மச்சான் அப்படியே தரையில் குந்தினார். ஊருக்கு இன்னும் எட்டு மணித்தியால ஓட்டம். மரைக்காருக்குப் போன் எடுத்தேன். "ஏலாது தம்பி, இஷாவுக்கு எடுக்கத்தான் வேணும்" என்றார்.

மூன்றரைக்கு இஹ்ஸான் ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தான்.

"உம்மாவ எத்தன மணிக்கு எடுக்கிற?"

நான் சொன்னேன். விரலை மடித்து எண்ணினான்.

"எப்ப இறங்குவன் எண்டு என்னட்ட ஆரும் கேக்கல்லயா?"

"நான்தான் மகன் கணக்குச் சொன்ன. பிழைச்சிட்டு" என்றார் மச்சான்.

மூன்று பேரும் வேனில் ஏறினோம். பாதி வழியில், ஹபரணை தாண்டும்போது ஸம்றா வீடியோவில் வந்தாள். உம்மாவின் முகத்தை மூடும்வரை இஹ்ஸான் போனைப் பார்த்தான். பிறகு மச்சானிடம் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, நான் போக முன்ன உம்மா உங்களட்ட வந்து கேட்டவ, தோஹா எவ்வளவு தூரமெண்டு. கொழும்பை விடக் கிட்ட எண்டு சொன்னீங்களாம். அதுக்குத்தான் என்ன போக விட்டவ."

வேன் நடுறோட்டில் நின்றது. பின்னால் லொறிக்காரன் ஹோன் அடித்தான். மச்சான் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். ஊர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.